காற்று பின்னாலிருந்து வருகிறது

கூரையில்லாத காருக்குக் காற்றுத் தடுப்பு பொருத்துவது எளிய வேலைபோலத் தெரியும். தில்லியின் குளிர், தூசி, வெயில், சட்டம் நான்கும் சேரும்போது, எதை வாங்குவது என்பதைவிட எங்கே ஓட்டை போடக்கூடாது என்பதுதான் முக்கியக் கேள்வியாகிறது.

சினிமாவில் கூரையில்லாத காரில் போகும் கதாநாயகியின் கூந்தல் பின்னால் பறக்கும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. வேகம் 60 கி.மீ.யைத் தாண்டியதும் முடி முன்னால் வந்து முகத்தில் அறைகிறது. பிடரி சில்லிடுகிறது. மடியில் வைத்த காகிதம் எழுந்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. முன்னால்தான் கண்ணாடி இருக்கிறதே, காற்று எந்த வழியாக வருகிறது என்று புதிதாக ஏறியவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

பின்னாலிருந்து வருகிறது என்பதே பதில். திறந்த கார் வைத்திருக்கும் பலர் இதைப் பணம் செலவழித்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். முன்கண்ணாடியை உயர்த்திப் பார்ப்பார்கள், பானெட் மேல் பிளாஸ்டிக் தகடு ஒட்டிப் பார்ப்பார்கள். குளிர் மட்டும் குறையாது.

தில்லியில் திறந்த கார்கள் அதிகமில்லை. ஆனால் வகைகள் உண்டு. கோவாவில் தயாராகி 1998-இல் சந்தைக்கு வந்த சான் ஸ்டார்ம், இந்தியாவில் உருவான இரண்டு இருக்கைத் திறந்த கார். வடிவமைப்பு பிரான்சின் லெமான் குழுமத்துடையது, எஞ்சின் ரெனோவின் 1.2 லிட்டர், உடல் ஃபைபர் கிளாஸ். மும்பைக்குக் கடல் தாண்டினால் வரும் அலிபாக்கில், சிங்காரா மோட்டார்ஸ் ரோட்ஸ்டர் 1.8 எஸ் என்ற காரைக் குறைந்த எண்ணிக்கையில் செய்தது. பார்வைக்கு அது பிரிட்டனின் லோட்டஸ் செவன். உள்ளே இருப்பது நம் ஊர் கான்டெஸாவில் ஓடிய இசுசு 1.8 லிட்டர் எஞ்சின். இவை தவிர, துணிக்கூரையைக் கழற்றி ஓட்டும் மாருதி ஜிப்ஸிகளும் பழைய மஹிந்திரா ஜீப்புகளும் உண்டு. 2020-இல் அறிமுகமாகி மடக்குக் கூரை வடிவிலும் விற்கப்பட்ட தார் உண்டு. வசதி படைத்தவர்களிடம் ஜெர்மன் தயாரிப்புகள். பிப்ரவரி வாக்கில் வெயிலுக்கு வரும் விண்டேஜ் கார்கள் தனி. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழின் பழங்கார் ஓட்டம் தில்லியில் தொடங்கியது 1964-இல்.

இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் தில்லியில் வாய்த்த பருவம் ஒன்றுதான், அக்டோபர் முதல் மார்ச் வரை. மே மாதம் கூரையைத் திறந்தால் ‘லூ’ என்கிற அனல்காற்று. மேற்கிலிருந்து வரும் காற்றைக் கோடை என்று தமிழில் பெயரிட்டவர்கள் தில்லி மே மாதத்தைப் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்கள். ஜூலையில் மழை. எஞ்சுவது குளிர்காலம். அப்போது வீசுவது வாடை. காலை வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்கும் ஜனவரியில் 80 கி.மீ. வேகத்தில் பிடரியில் அடிக்கும் காற்று ரசனைக்குரிய விஷயமல்ல. கண்ணில் நீர் வழிகிறது, கழுத்து இறுகுகிறது, கவனம் சிதறுகிறது. ஓட்டுகிறவரைப் பொறுத்தவரை இது பாதுகாப்புப் பிரச்னை.

காற்று ஏன் திரும்புகிறது?

ஓடும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று உடனே கீழே இறங்குவதில்லை. பயணிகளின் தலைக்கு மேலாகப் பாய்ந்து, காரின் பின்பகுதிக்கு அருகில்தான் தணிகிறது. இடையில், இருக்கைகள் உள்ள பள்ளத்தில் அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் உள்ள இடத்தை நிரப்பக் காற்று ஓடி வரும். கூரையும் பின்கண்ணாடியும் இல்லாத காரில் அதற்கு மிகச் சுலபமான வழி, டிக்கியின் மேற்புறத்தில் தவழ்ந்து, இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி வருவது. பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுநீர் சுழித்துத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே காற்றுத் தடுப்பு என்பது பெரும்பாலான கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் ஒரு சிறு திரை. திரும்பி வரும் காற்றை மறிப்பது அதன் வேலை. முன்னாலிருந்து வரும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரையின் வரலாறு ஒன்றும் புதிதல்ல. 1920-களின் பெரிய திறந்த கார்களில் முன்னால் டிரைவருக்கு ஒரு கண்ணாடி இருக்கும், பின் இருக்கை எஜமானர்களுக்கு இரண்டாவது கண்ணாடி ஒன்று இருக்கும். இந்திய சமஸ்தானங்கள் வரவழைத்த கார்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். இத்தகைய கண்ணாடிகளுக்குப் பேர்போன பர்மிங்காம் நிறுவனத்தின் பெயர் ஆஸ்டர். லத்தீனில் அதற்குத் தென்காற்று என்று பொருள். காற்றை மறிக்கும் பொருளுக்குக் காற்றின் பெயர்.

இன்றைய வடிவிலான பின்திரைக்குப் பரவலான அறிமுகம் 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரால் கிடைத்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்பு வலை, வேண்டாதபோது மடித்து வைக்கலாம். அதே நிறுவனம் 2004-இல் தலைசாய்ப்பிலிருந்து பிடரிக்கு வெப்பக் காற்று ஊதும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து எழும்பும் சிறு தகட்டைப் பின்திரையோடு இணைத்தது. இத்தனை செலவும் ஒரே சுழல்காற்றை அடக்கத்தான்.

எந்தக் காருக்கு எது?

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஒரு காருக்குப் பொருந்திய தடுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

சான் ஸ்டார்ம் போன்ற கார்களில் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும், கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி உண்டு. இவற்றில் தொந்தரவு பெரும்பாலும் பின்னாலிருந்துதான். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வலைத்திரை போதும். அதற்கும் முன்பு செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. பாதித் தொல்லை அதிலேயே போய்விடலாம்.

லோட்டஸ் செவன் வம்சக் கார்களின் கதை வேறு. காலின் சாப்மன் 1957-இல் அறிமுகப்படுத்திய அந்தக் காரைப் பிரிட்டனில் பலர் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினார்கள். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லை என்பதே காரணம். 1973-இல் வரிமுறை மாறியது. அதே ஆண்டில் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஆனால் அந்த வடிவம் சாகவில்லை. உலகெங்கும் கிட் கார் என்றால் இன்றும் மனதில் வருவது அந்த நீள மூக்கும் தட்டையான சிறு முன்கண்ணாடியும்தான். இந்தியாவில் வீட்டில் பூட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒரு மாடலின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் சோதித்துச் சான்று தர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி. அதனால்தான் இங்கே இந்த ஆசை, சிங்காரா போன்ற சிறு தயாரிப்பாளர்களின் வழியாக நிறைவேறியது.

இந்த வகைக் காரில் கண்ணாடி நிமிர்ந்து நிற்கிறது, உயரம் குறைவு, கதவு இல்லை அல்லது பெயருக்கு இருக்கிறது. முன்கண்ணாடியின் இரு பக்க விளிம்புகளைச் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே பாய்ந்து தோளிலும் காதிலும் அடிக்கிறது. இதற்கு முதல் மருந்து பக்கத் தடுப்புகள். கண்ணாடிச் சட்டத்தின் இரு ஓரங்களிலும் கீல் வைத்துப் பொருத்திய, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுள்ள ஒளிபுகும் தகடுகள். கோணத்தைக் கொஞ்சம் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். பின்திரை வேண்டுமானால் ரோல் பாரில் கட்டலாம். பக்கத் தடுப்பு வைத்த பிறகு அது தேவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஜிப்ஸி, ஜீப், தார் மூன்றிலும் முன்கண்ணாடி உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. அது பின்னால் உண்டாக்கும் சுழலும் பெரிது. பின்பகுதியில் தடையே இல்லை. முன் இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார் அல்லது கூண்டுக் கம்பியில் இழுத்துக் கட்டும் வலைதான் இவற்றுக்கு நடைமுறையில் ஒத்துவரும். ரோல் பார் இல்லாத பழைய ஜீப்பில் வலை கட்ட மட்டும் ஒரு கம்பி நட்டுவிட்டு, அதை ரோல் பார் என்று நம்பிவிடக் கூடாது. கார் கவிழ்ந்தால் தாங்கும் கம்பிக்கு அடித்தளமே வேறு.

கம்பளி நூலும் பழைய அட்டையும்

விமானப் பொறியாளர்கள் இறக்கை மேல் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் காண நூல் துண்டுகளை ஒட்டிப் பார்ப்பார்கள். காருக்கும் அதே முறை போதும். பத்து செ.மீ. நீளமுள்ள கம்பளி நூல் துண்டுகள் இருபது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பு, பக்கத் தூண்கள், தலைசாய்ப்புகள், இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, டிக்கியின் மேற்புறம் ஆகிய இடங்களில் ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்ட வேண்டும். காலை நேரத்தில் நெரிசல் இல்லாத சாலையில் 50 கி.மீ., பிறகு 70 கி.மீ. என்று சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். அருகில் அமர்ந்தவர் செல்பேசியில் படம் எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் நூலைப் பார்க்கக் கூடாது, சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

படத்தை வீட்டில் நிதானமாகப் பார்த்தால் கதை புரிந்துவிடும். நூல் முன்னோக்கிப் படுத்திருக்கும் இடம் காற்று திரும்பி வரும் வாசல். துடித்துக்கொண்டே இருக்கும் இடம் சுழல். பலருக்கு ஆச்சரியம் தருவது, இருக்கைகளுக்கு நடுவிலும் கீழேயும் உள்ள சந்துகள். மேலே ஒரு அடி உயரத்துக்குத் திரை வைத்துவிட்டுக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டால், கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான். கீழ்ச்சந்தை ரப்பர் அல்லது ஃபோம் பட்டையால் அடைப்பது திரையின் உயரத்தைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

அடுத்தது அட்டை. டெலிவிஷன் பெட்டி வந்த கெட்டியான அட்டையைத் திரையின் வடிவில் வெட்டி, தற்காலிகமாக உறுதியாகக் கட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். உயரத்தை விரல் விரலாகக் குறைத்துக்கொண்டே வந்தால், எந்த அளவுக்குக் கீழே போனால் காற்று மறுபடி பிடரியைத் தொடுகிறது என்று தெரியும். அதற்கு இரண்டு விரல் மேலே நிறுத்தினால் போதும். பொதுவாகக் காதின் உயரத்துக்கும் தலையின் உச்சிக்கும் நடுவில் அந்த அளவு அமையும். முன்கண்ணாடியின் உயரத்தைத் தாண்டி நிற்கும் திரை, தலைக்கு மேல் பாயும் முதல் காற்றில் நேராக மாட்டி அதிர ஆரம்பிக்கும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலை முழுதாகத் தெரிகிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கூரையை மூடித் திறக்க இடம் இருக்கிறதா, இருக்கை பின்னால் சாய்கிறதா என்பதும் அட்டையோடு முடிய வேண்டிய சோதனைகள்.

வலையா, தகடா?

தில்லியில் கார் அலங்காரப் பொருள் என்றால் கரோல் பாக். இட்லி அரிசிக்கும் காபிப் பொடிக்கும் அங்கே போய்ப் பழகிய தமிழர்களுக்கு, அதே வட்டாரத்தின் நாயிவாலா தெருக்களில் சீட் கவர் முதல் ஸ்பீக்கர் வரை குவிந்திருப்பது தெரிந்திருக்கும். உதிரிபாகத்துக்குக் காஷ்மீரி கேட், பழைய பாகத்துக்கு மாயாபுரி, பித்தளைக் கீலுக்கும் திருகுக்கும் சாவ்ரி பஜார். ஆனால் சான் ஸ்டார்முக்கோ சிங்காராவுக்கோ தயாரான காற்றுத் தடுப்பு எந்தக் கடையிலும் தொங்குவதில்லை. வெளிநாட்டுக் கார்களுக்கு அந்தந்த நிறுவனமே தருவதை வரவழைக்கலாம். மற்றவர்கள் செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு என்ன பொருள்?

வலைதான் பலருக்கும் போதுமானது. அது காற்றை முழுதாக நிறுத்துவதில்லை, வேகத்தைத் தணித்துச் சிறு சிறு இழைகளாக உடைக்கிறது. எடை குறைவு, உடையாது, மடிக்கலாம். நிறம் கறுப்பாகவே இருக்க வேண்டும். வெள்ளை வலையில் வெளிச்சம் பட்டுப் பின்னால் எதுவும் தெரியாது, கறுப்பு வலையின் ஊடே கண் தடையின்றிப் பார்க்கும். தில்லியின் ராத்திரிச் சாலையில் பின்னால் வருகிறவர் ஹை பீமை இறக்கவே மாட்டார். கறுப்பு வலை அதையும் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது.

ஒளிபுகும் தகடு காற்றை முழுதாக மறிக்கும், பார்வைக்கும் அழகு. ஆனால் பின்னால் வரும் ஹெட்லைட் அதில் இரட்டையாகத் தெரியும். சற்றே சாய்த்து வைத்தால் அது குறையும். பெரிய கேள்வி எந்தத் தகடு என்பது. நேம்போர்டு செய்யும் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது அக்ரிலிக். மலிவு, பளபளப்பு, வெட்டுவதும் எளிது. மோதலில் அது கூர்மையான சில்லுகளாக உடையும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. தலைக்கு ஒரு சாண் பின்னால் நிற்கப்போகும் பொருளுக்கு அது பெரிய குறை.

பாலிகார்பனேட் அப்படி உடையாது. சுத்தியால் அடித்தாலும் வளையும், பள்ளம் விழும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எளிதில் கீறல் விழும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத ரகம் வெயிலில் மஞ்சளாகும். பெட்ரோல், தின்னர், நட் கழலாமலிருக்க ஊற்றும் திரவப் பசை ஆகியவை பட்டால் துளையைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள் தோன்றும். நட்டுக்குப் பசை வேண்டாம், நைலான் வளையம் பதித்த நட் போதும். காய்ந்த துணியால் துடைக்கவும் கூடாது. தில்லித் தூசி மணல் காகிதம் மாதிரி. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி பேச்சுக்கே இடமில்லை. டஃபண்ட் கண்ணாடியைக் கடினமாக்கிய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, எடையும் அதிகம். ஒரு மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம், 6 மி.மீ. கனத்தில் கண்ணாடி ஏறக்குறைய நான்கரை கிலோ. அதே அளவு பாலிகார்பனேட் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும்.

நாலு மி.மீ. கணக்கு

பொருத்தும் வேலையில் இரண்டு எண்களை மறக்கக் கூடாது.

முதலாவது காற்றின் விசை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மேலே சொன்ன அளவுள்ள திரையில் காற்று நேராக மோதினால், 50 கி.மீ. வேகத்தில் மூன்றரை கிலோ அளவுக்கு அழுத்தும், 100 கி.மீ. வேகத்தில் 14 கிலோ. திரும்பி வரும் காற்று அத்தனை பலமானதல்ல. ஆனால் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் கார்களின் உச்சவரம்பான 100 கி.மீ.யில் போகும்போது, ஒரு லாரியைத் தாண்டும் கணத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. 15 கிலோவை இரு திசையிலும் தாங்கும்படி கட்டுவதே விவேகம். கையால் இழுத்து ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிய்ந்து பறக்கும் தகடு பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கழுத்துக்குத்தான் போகும்.

இரண்டாவது வெப்பம். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். மீட்டர் நீளத் தகடு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீள்கிறது. ஜனவரிக் காலையில் 5 டிகிரி. மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் தகடு 60 டிகிரியைத் தொடும். வித்தியாசம் 55 டிகிரி, நீட்சி கிட்டத்தட்ட 4 மி.மீ. போல்ட்டின் அளவுக்கே துளை போட்டு இறுக்கி முடுக்கியவர்களின் தகடு முதல் கோடையிலேயே மூலையில் வெடிக்கிறது. துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஓரத் துளைகள் நீளவாட்டில் இருப்பது நல்லது. இரு பக்கமும் ரப்பர் வாஷர், முடுக்குவது கையளவு. துளைக்கும்போது டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும், கீழே மரக்கட்டை, மேலே டேப். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டி ரப்பர் பீடிங் மாட்ட வேண்டும்.

எதில் கட்டுவது? ரோல் பார் இருந்தால் அதில் ரப்பர் உறையுள்ள கிளாம்ப் போட்டுக் கட்டலாம். ரோல் பாரைத் துளைக்கக் கூடாது. உயிர் காக்கும் குழாயில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் அது மடங்கப்போகும் இடம், துருப்பிடிக்கும் இடமும் அதுதான். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதிலேயே தாங்கியை மாட்டுவது அதைவிட ஆபத்து. பெல்ட் ஓடும் வழியில் திரையின் எந்த முனையும் வரக் கூடாது. ஃபைபர் கிளாஸ் உடலில் நேரடியாகத் திருகு ஏற்றினால் சில மாதங்களில் துளை பெரிதாகித் திருகு ஆடும். வேறு வழியே இல்லையென்றால் பின்புறம் அகலமான உலோகத் தகடு வைத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். தலைசாய்ப்பு எப்போதும் தலைக்கும் திரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்து, தலைசாய்ப்பு இல்லாத காரில் கெட்டித் தகடு வேண்டாம், வலை மட்டும்.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

ஓட்டையைத் தவிர்க்கச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்றது. கழற்றி மாட்டும் வலைத்திரைக்கும், உடலை வெட்டி வெல்டு வைத்த கம்பிக்கும் உள்ள தூரம் இங்கே முக்கியமாகிறது. கறுப்புக் கண்ணாடி விஷயத்தில் 2012-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய கண்டிப்பையும் தில்லிப் போலீஸ்காரர்கள் மறக்கவில்லை. தகட்டில் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. பெரிதாக எதையாவது பொருத்துகிறவர்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது பின்னால் உதவும்.

தில்லிக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வாகனங்களைத் தலைநகர்ச் சாலைகளில் ஓட விடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதையே வலியுறுத்தியது. 2025-இல் விவகாரம் மறுபடி அதே நீதிமன்றத்தின் படியேறியது. எந்தக் காருக்கு எவ்வளவு சலுகை என்பதை அன்றைய உத்தரவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-இல் வந்த மாடலின் முதல் கார்களுக்கு இந்த 15 வயது எப்போதோ கடந்துவிட்டது. மறுபுறம், 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனிப் பதிவு எண் வரிசையும் மரியாதையும் தருகின்றன. நிபந்தனை, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும்.

15 வயதில் கட்டாய ஓய்வு, 50 வயதில் கௌரவம். நடுவில் 35 வருடங்கள் இந்தக் கார்கள் தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்குப் போகலாம், அல்லது போர்வை போர்த்திக் காத்திருக்கலாம். இந்தியா செய்த திறந்த கார்கள் வெகு குறைவு. அவற்றில் ஒன்றை ஒரு குளிர்காலத்தின் சௌகரியத்துக்காகத் துளைத்துவிட்டால், பிறகு அந்தத் துளையை மூட ஃபைபர் வேலை தெரிந்தவரையும், ஒத்துப்போகும் பெயின்டையும் தேட வேண்டியிருக்கும். கிளாம்ப் என்றால் கழற்றிவிடலாம்.

திரையால் ஆகாத காரியங்கள்

காற்றுத் தடுப்பு புகைத் தடுப்பு அல்ல. நவம்பர் மாதத் தில்லியை மூச்சுத்திணற வைக்கும் பி.எம். 2.5 துகளின் விட்டம் மனித முடியின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வலை அதை வடிகட்டாது, தகடும் அதை நிறுத்தாது. காற்றின் தரம் மோசம் என்று அறிவிக்கும் நாளில் கூரையை மூடுவதுதான் ஒரே வழி. மூடக் கூரையே இல்லாத காரை வீட்டில் விட்டுவிட வேண்டும்.

சத்தத்தையும் திரை ஓரளவுதான் குறைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த காரின் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நீண்ட நேரம் கேட்டால் காதைக் கெடுக்கத் தொடங்கும் அளவு அது. ஆக்ராவரை போகிறவர்கள் நடுவே இறங்கி ஓய்வெடுப்பது காதுக்கும் நல்லது. துப்பட்டாவும் மஃப்ளரும் நீளமாகத் தொங்கக் கூடாது. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, திறந்த காரின் சக்கரத்தில் அவருடைய நீண்ட கழுத்துத் துணி சிக்கிக்கொண்டதால்தான். இந்தியாவில் அந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் பொருந்தும்.

வேலை முடிந்த பிறகு மறுபடி அதே கம்பளி நூல்களை ஒட்டி, அதே சாலையில், அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னோக்கிப் படுத்திருந்த நூல்கள் அசையாமல் தொங்கினால் காசு வீணாகவில்லை. முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் திரையை யாரும் மார்ச் மாதம் கழற்றுவதில்லை. அது ஏப்ரல் வெயிலில் அப்படியே வெந்து, அடுத்த அக்டோபரில் வெடிப்போடு நிற்கும்.